ஸ்ஃபின்ச்சி வீட்டில் சுடலாமா? சிசிலியின் பஞ்சுப் பலகாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாக மார்ச் மாதம் வந்தால் எங்கள் வீட்டில் ஸ்ஃபின்ச்சி சுடுவது வழக்கமாகிவிட்டது. சாப்பிட்டவர்கள் செய்முறை கேட்பார்கள். செய்து பார்த்தபின் "உள்ளே மாவாவே இருக்கே" என்று மறுபடி போன் செய்வார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

ஸ்ஃபின்ச்சி என்பது டோனட்தானே?

உறவு உண்டு, ஆனால் டோனட் இல்லை. டோனட் என்றதும் நடுவில் ஓட்டையும் மேலே சாக்லேட் பூச்சுமாக, எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருப்பதுதான் ஞாபகத்துக்கு வரும். ஸ்ஃபின்ச்சியில் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. கரண்டியால் அள்ளி எண்ணெயில் விடுவதால் ஒவ்வொன்றும் அதன் இஷ்டத்துக்கு வெடித்து, புடைத்து, கோணிக்கொண்டு வரும்.

இத்தாலியின் தீவான சிசிலியின் மொழியில் ஒன்று என்றால் ஸ்ஃபின்ச்சா, பல என்றால் ஸ்ஃபின்ச்சி. தீவு முழுக்க இந்தப் பெயர் இருந்தாலும் ஊருக்கு ஊர் பலகாரம் வேறு. தலைநகர் பலேர்மோவில் முட்டை மாவில் சுட்டு, மேலே இனிப்பு ரிக்கோட்டா (பனீர்போல் பாலில் திரட்டும் மிருதுவான பொருள்) பூசுவார்கள். மேற்குக் கரையில் திராபனி பக்கம் உருளைக்கிழங்கு சேர்த்துப் புளிக்கவைத்த மாவை வளையமாக இழுத்துப் பொரித்து, சர்க்கரையும் பட்டைத்தூளும் கலந்ததில் புரட்டுவார்கள். நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளில் புதுத் திராட்சை மதுவோடு சாப்பிடுவது ஈஸ்ட் போட்ட இன்னொரு வகை. இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் பேசப்போவது பலேர்மோ வகையைப் பற்றி. செய்யும்போது சொதப்ப அதிக வாய்ப்புள்ளதும் அதுதான்.

பெயருக்கு என்ன பொருள்?

பஞ்சு. பாத்திரம் துலக்கவும் குளிக்கவும் பயன்படுமே, அந்தக் கடற்பஞ்சு.

லத்தீனில் ஸ்போஞ்ஜியா, அரபியில் இஸ்ஃபஞ்ஜ். இரண்டுக்கும் மூலம் கிரேக்கச் சொல். சிசிலிக்காரர்கள் இதை எந்த வழியாகப் பெற்றார்கள் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. அரபியருக்கு வலுவான சாட்சி ஒன்று உண்டு. 827-இல் தீவில் கால் வைத்து 831-இல் பலேர்மோவைப் பிடித்தவர்கள், நார்மன்கள் வந்து 1072-இல் அந்த நகரைக் கைப்பற்றும் வரை அங்கே இருந்தார்கள். எதிர்க்கரையில் மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா தெருக்களில் இன்றும் காலையில் சுடச்சுட விற்கும் மாவு வளையத்தின் பெயர் ஸ்ஃபெஞ்ஜ். கடலின் இந்தக் கரையில் ஸ்ஃபின்ச்சி, அந்தக் கரையில் ஸ்ஃபெஞ்ஜ். பலேர்மோவின் தடித்த பீட்சாவான ஸ்ஃபின்ச்சோனேயும் இதே வேரில் பிறந்த பெயர்தான்.

பெயரைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. செய்முறையில் சந்தேகம் வரும்போதெல்லாம் பெயரை நினைத்துக்கொண்டால் போதும். பிட்டுப் பார்த்தால் உள்ளே பஞ்சுபோல் கண்கண்ணாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மேலே எத்தனை ரிக்கோட்டா அப்பினாலும் அது ஸ்ஃபின்ச்சி ஆகாது.

மார்ச் மாதத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மார்ச் 19 புனித யோசேப்பு திருநாள். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் சூசையப்பர் என்று சொல்லும் அதே புனிதர். இத்தாலியில் தந்தையர் தினமும் அன்றுதான். தவக்காலத்துக்கு நடுவே வரும் இனிப்பான நாள். சிசிலியில் அவர் ஏழைகளின் காவலர் என்பதால் பல ஊர்களில் பீடம் அமைத்து, ரொட்டியும் பலகாரமும் பரப்பி, ஏழைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பரிமாறுவார்கள். சலேமி என்ற ஊரில் அந்தப் பீடத்து ரொட்டிகளைப் பூ, பறவை, பழம் என்று செதுக்கி வைப்பதைப் படத்தில் பார்த்தால் சாப்பிட மனசு வராது.

ரோமாபுரியில் சூசையப்பருக்குப் 'பலகாரம் சுடுகிறவர்' என்றே ஒரு செல்லப்பெயர் உண்டு. எகிப்துக்குத் தப்பிப் போன காலத்தில், தச்சு வேலை கிடைக்காத நாட்களில் அவர் பலகாரம் சுட்டு விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார் என்பது அங்கே புழங்கும் கதை. வேதத்தில் இல்லை. இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

பலேர்மோ ஸ்ஃபின்ச்சாவை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் கன்னியர் மடத்துச் சகோதரிகள் என்பார்கள். அவர்களுடைய மடம் இருந்த பகுதியை இடித்துத்தான் அந்நகரின் பெரிய ஓபரா அரங்கமான தியாத்ரோ மாசிமோவைக் கட்டினார்கள். 1897-இல் திறந்தார்கள். மடம் போனது, பலகாரம் கடைகளுக்கு வந்து நிலைத்தது.

அளவு சொல்லுங்கள்.

பன்னிரண்டு முதல் பதினைந்து வரை வரும். தண்ணீர் 250 மில்லி, உப்பில்லாத வெண்ணெய் 50 கிராம், மைதா 150 கிராம், முட்டை நடுத்தர அளவில் 4, உப்பு ஒரு சிட்டிகை. சிசிலியில் வெண்ணெய்க்குப் பதிலாகப் பன்றிக் கொழுப்பு போடுவதே பழைய வழக்கம். வெண்ணெயிலும் நன்றாகவே வருகிறது.

சர்க்கரை எங்கே என்று கேட்பீர்கள். மாவில் கிடையாது. சர்க்கரை போட்டால் உள்ளே வேகுமுன் வெளியே கருத்துவிடும். இனிப்பெல்லாம் மேலே பூசுவதில்தான். சோடா உப்பு, பேக்கிங் பவுடர் எதுவும் வேண்டாம். உப்பவைப்பது மாவுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகிற வேகம் மட்டுமே.

மாவு கிளறுவதில் எங்கே தப்பு நடக்கிறது?

இரண்டு இடங்களில்.

தண்ணீர், வெண்ணெய், உப்பு மூன்றும் தளதளவென்று கொதிக்கும்போது, சலித்த மைதா முழுவதையும் ஒரே தடவையில் கொட்டி மரக்கரண்டியால் கிளற வேண்டும். அரை நிமிடத்தில் உருண்டு திரண்டுவிடும். இங்கேதான் பலரும் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அணைக்கக் கூடாது. தீயைக் குறைத்து இன்னும் இரண்டு மூன்று நிமிடம் கிளறினால் பாத்திரத்தின் அடியில் மெல்லிய வெள்ளை ஏடு படியும். கொழுக்கட்டைக்கு மாவு கிளறியவர்களுக்கு இந்தப் பதம் கைக்குத் தெரியும். அந்த ஏடு படிந்தால்தான் மாவு போதுமான அளவு காய்ந்திருக்கிறது என்று பொருள். காய்ந்தால்தான் நிறைய முட்டையை உறிஞ்சும்.

இரண்டாவது தப்பு அவசரம். மாவை அகலமான கிண்ணத்துக்கு மாற்றி, விரல் வைத்தால் பொறுக்கும் சூடு வரும்வரை ஆறவிடுங்கள். கொதிக்கிற மாவில் முட்டையை உடைத்து ஊற்றினால் முட்டைப் பொரியல்தான் கிடைக்கும். ஒரு முட்டையை ஊற்றி அடித்தால் மாவு முதலில் துண்டு துண்டாகப் பிரிந்து வழுக்கும். கெட்டுப்போனது என்று பயம் வரும். விடாமல் அடியுங்கள், சேர்ந்துகொள்ளும். அதன் பிறகுதான் அடுத்த முட்டை. நாலாவதை மட்டும் தனியாக அடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது நல்லது, ஏனென்றால் முட்டையின் அளவு ஒன்றுபோல் இருப்பதில்லை. கரண்டியைத் தூக்கினால் மாவு சட்டென்று ஒழுகவும் கூடாது, விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது. பளபளப்பாக, முக்கோணமாகத் தொங்கி, யோசித்து விழ வேண்டும்.

எண்ணெய் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்?

வடை, பஜ்ஜிக்குக் காய்வதைவிடக் குறைவாக. இந்தப் பலகாரத்தின் வெற்றியும் தோல்வியும் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதல் தடவை நான் மெதுவடை பழக்கத்தில் எண்ணெயை நன்றாகக் காயவிட்டு மாவை விட்டேன். இரண்டே நிமிடத்தில் அழகான பொன்னிறம். எலுமிச்சம்பழ அளவு. ஒன்றை அறுத்துப் பார்த்தால் உள்ளே பசை. சூடான எண்ணெய் மேல்தோலை உடனே இறுக்கிவிட்டது. உள்ளிருக்கும் ஆவிக்குப் புடைக்க இடமில்லை. பஞ்சாக வேண்டியது கோந்தாக நின்றுவிட்டது.

தொடங்கும்போது 160 டிகிரி, முடியும்போது 170, 175. வெப்பமானி இல்லாதவர்கள் சுண்டைக்காய் அளவு மாவைப் போட்டுப் பாருங்கள். அடியில் போய் இரண்டு மூன்று விநாடி உட்கார்ந்து, சின்னக் குமிழிகளோடு சோம்பலாக மேலே வந்தால் சரி. போட்டதும் துள்ளி மேலே வந்தால் அதிகச் சூடு. அடுப்பை அணைத்துக் காத்திருங்கள். அடியிலேயே கிடந்தால் சூடு போதாது, எண்ணெய் குடிக்கும்.

வாணலியில் எண்ணெய் மூன்று விரற்கடை ஆழமாவது வேண்டும். மேசைக்கரண்டியில் அள்ளி, இன்னொரு கரண்டியால் தள்ளி, எண்ணெயின் மட்டத்துக்குப் பக்கத்திலேயே வைத்து விடுங்கள். உயரத்திலிருந்து போட்டால் தெறிக்கும். ஒரு தடவைக்கு நாலுக்கு மேல் வேண்டாம். இடம் மிச்சம் இருப்பதுபோலத்தான் தெரியும், பொறுத்துப் பாருங்கள்.

முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமே நடக்காது. மாவு உருண்டையாக மிதக்கும். அப்புறம் ஒரு பக்கம் கனம் குறைந்து, யாரும் தொடாமலே அது தானாகப் புரளும். ஜல்லிக்கரண்டி கையில் சும்மா இருக்கும். புரண்ட பக்கம் சற்று நேரத்தில் சின்னதாகக் கீறல் விட்டு, அந்தக் கீறலில் வெளிர்மஞ்சளாகப் புது மாவு பிதுங்கும். மறுபடி புரளும். மறுபடி வெடிக்கும். இப்படி மூன்று நாலு தடவை. சிசிலிச் சமையற்காரர்கள் இந்த நேரத்தில் கரண்டியால் மேலே லேசாகத் தட்டிக்கொடுப்பார்கள், இன்னும் புடைக்கட்டும் என்று. தட்டினால் புது இடத்தில் கீறல் விடுகிறது, நானே பார்த்திருக்கிறேன். போட்ட அளவில் இரண்டு மடங்குக்கு மேல் ஆனதும் தீயைக் கொஞ்சம் கூட்டி நிறம் வரவையுங்கள். மொத்தம் எட்டு முதல் பத்து நிமிடம். அடுத்த ஈடு போடுமுன் எண்ணெய் பழைய சூட்டுக்கு இறங்கட்டும்.

வெளியே எடுத்ததும் அமுங்கிப் போகிறதே?

சீக்கிரம் எடுத்துவிட்டீர்கள். உள்சுவர்கள் ஈரமாக இருந்தால் ஆவி அடங்கியதும் கூரை இறங்கும். நிறம் வந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் ஒரு நிமிடம் விட்டுவையுங்கள். கையில் எடுத்தால் உள்ளே ஒன்றும் இல்லாததுபோல் லேசாக இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் முதல் ஈட்டில் ஒன்றைப் பலி கொடுத்து அறுத்துப் பாருங்கள்.

ரிக்கோட்டாவுக்குப் பதில் பனீர் போடலாமா?

பனீரை அழுத்திக் கட்டியாக்கியிருப்பார்கள். என்ன அரைத்தாலும் நறநறக்கும். ஆனால் பனீர் செய்யத் தெரிந்தவர்கள் பாதி தூரம் வந்துவிட்டார்கள்.

ரிக்கோட்டா என்ற சொல்லுக்கு 'மறுபடி காய்ச்சியது' என்று பொருள். பாலாடைக்கட்டி செய்தபின் மிஞ்சும் தெளிநீரை மறுபடி காய்ச்சி, அதில் திரளும் மெல்லிய திப்பியை வழித்தெடுப்பார்கள். சிசிலியில் இதற்குச் செம்மறியாட்டுப் பால்தான். வீட்டில் அந்த வழி சரிப்படாது, நேராகப் பாலிலேயே செய்யலாம். கொழுப்பு எடுக்காத பசும்பால் 2 லிட்டரைக் கொதி வருமுன், ஓரங்களில் நுரை கட்டும்போது அடுப்பை அணைத்து, நாலு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை ஊற்றி, ஒரே ஒரு சுற்றுக் கிளறி மூடிவிடுங்கள். நிறையக் கிளறினால் திப்பி இறுகிவிடும். கால் மணி நேரம் கழித்து மெல்லிய துணியில் வடிகட்டித் தொங்கவிடுங்கள். பிழியக் கூடாது. பாரம் வைக்கக் கூடாது. சுமார் 400 கிராம் கிடைக்கும். ஆட்டுப்பால் கிடைத்தால் பாதிக்குப் பாதி சேருங்கள், வாசனை சிசிலிக்குக் கிட்டே வரும்.

வடிந்ததைக் குளிர்பெட்டியில் ஒரு இரவு வைத்து, எடையில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை கலந்து, ஒரு மணி நேரம் கழித்து மெல்லிய சல்லடையில் தேய்த்து இறக்க வேண்டும். இரண்டு தடவை. மிக்ஸியில் அடித்தால் நீர்த்துவிடும். சல்லடைதான் அந்த வழவழப்பைக் கொடுக்கும். கடைசியில் கத்தியால் பொடியாக நறுக்கிய கறுப்புச் சாக்லேட் ஒரு கைப்பிடி.

மேலே என்ன வைப்பது?

ரிக்கோட்டாவை ஸ்ஃபின்ச்சாவின் முதுகில் கரண்டியால் தாராளமாகத் தடவி, பொடித்த பிஸ்தா தூவி, சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல் ஒரு கீற்றை நடுவில் வைப்பார்கள். எட்னா எரிமலையின் சரிவில் இருக்கும் புரோந்தே ஊர்ப் பிஸ்தா பேர்போனது, மரகதப் பச்சை, விலையும் அப்படியே. உப்புப் போடாத எந்தப் பிஸ்தாவும் போதும்.

ஆரஞ்சுத் தோலை வீட்டில் செய்யுங்கள். தடித்த தோல் பழமாகப் பார்த்து, கீற்றாக வெட்டி, மூன்று தடவை புதுத் தண்ணீரில் கொதிக்கவிட்டுக் கசப்பை எடுத்து, தோலின் எடைக்குச் சமமான சர்க்கரையும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்து, கண்ணாடிபோல் ஆகும்வரை சிறு தீயில் வைத்தால் முடிந்தது. டூட்டி ஃப்ரூட்டி போடலாமா என்று ஒவ்வொரு வருடமும் ஒருவராவது கேட்கிறார். அது சாயமேற்றிய பப்பாளிக்காய். வேண்டாம்.

நாங்கள் முட்டை சேர்ப்பதில்லை. வழி உண்டா?

மேலே சொன்ன வகைக்கு இல்லை. முட்டைதான் அதன் எலும்புக்கூடு. மாற்றுப் பொருள் போட்டுச் செய்து ஏமாற வேண்டாம். ஆனால் சூசையப்பர் நாளுக்கே கிழக்குக் கரையில் கத்தானியா நகரம் வேறொன்று சுடுகிறது. கிறிஸ்பெல்லே தி ரீசோ, அரிசிப் பலகாரம். முட்டையே கிடையாது. அந்நகரின் சான் நிக்கோலோ மடத்துப் பெனடிக்டின் துறவிகளோடு சேர்த்துப் பேசப்படுவதால் 'பெனடெத்தினே' என்றும் கூப்பிடுவார்கள்.

குட்டையான, குழையும் பச்சரிசி 200 கிராமை 500 மில்லி பாலும் 200 மில்லி தண்ணீரும் விட்டு, சிட்டிகை உப்போடு நீர் முழுக்கச் சுண்டும்வரை குழைய வேகவையுங்கள். வெதுவெதுப்பாக ஆறியதும் மைதா 100 கிராம், வெதுவெதுப்பான பாலில் கரைத்த உலர் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், துருவிய ஆரஞ்சுத் தோல் சேர்த்துப் பிசைந்து ஒரு மணி நேரம் மூடிவையுங்கள். ஈரப்படுத்திய சின்னப் பலகையில் விரல் கனத்துக்குப் பரப்பி, ஈரக் கத்தியால் விரல் நீளத்துக்கு வெட்டி, அப்படியே எண்ணெய்க்குள் தள்ளிவிட வேண்டும். இதற்கு 175 டிகிரி. பொன்னிறமானதும் எடுத்து, லேசாகச் சூடாக்கிய தேனை ஊற்றுங்கள். அங்கே ஆரஞ்சுப் பூத் தேன் ஊற்றுவார்கள். அரிசி என்பதாலோ என்னவோ, எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஸ்ஃபின்ச்சியைவிட இதுதான் பிடித்திருக்கிறது.

உருளைக்கிழங்கு வளையம் பிடிக்கவே வரவில்லை, கையில் ஒட்டுகிறது.

ஒட்டத்தான் வேண்டும். மைதா 500 கிராம், வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு 250 கிராம், உலர் ஈஸ்ட் 7 கிராம், வெதுவெதுப்பான பால் 300 மில்லி, சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, உப்பு ஒரு டீஸ்பூன், கொஞ்சம் சோம்பு. சப்பாத்தி மாவுபோல் வந்தால் பால் குறைவு, இன்னும் ஊற்றுங்கள். கிண்ணத்துக்குள்ளேயே கையால் தூக்கி அடித்து அடித்து, இழுத்தால் நீளும் பதத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு மணி நேரம் பொங்கவிட வேண்டும். ஒட்டுகிறதே என்று மாவு தூவினால் வளையம் கட்டையாகிவிடும். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து இரண்டு கையையும் நனைத்துக்கொண்டு, எலுமிச்சை அளவு எடுத்து, நடுவில் கட்டைவிரலால் குத்தி, இழுத்தவாக்கில் எண்ணெயில் விடுங்கள். ஓட்டையைப் பெரிதாக இழுங்கள், வேகும்போது மூடிக்கொள்ளும். கையில் சொட்டும் தண்ணீரை மட்டும் உதறிவிடுங்கள். எண்ணெயில் விழுந்தால் வெடிக்கும்.

எந்த எண்ணெய்? ஏர் ஃப்ரையரில் வருமா?

பழைய வழக்கம் பன்றிக் கொழுப்பு. இப்போது அங்கேயும் பலர் சூரியகாந்தி, கடலை எண்ணெய்களுக்கு மாறிவிட்டார்கள். நமக்கு வாசனை இல்லாத சுத்திகரித்த கடலை எண்ணெய் பொருத்தம். செக்கு எண்ணெய் மணம் ரிக்கோட்டாவோடு சண்டை போடும். ஏர் ஃப்ரையரில் மாவு உப்பி வரும், ஆனால் அது பேக்கரி கிரீம் பன்.

நேப்பிள்ஸ் ஊர் செப்போலேயும் இதுவும் ஒன்றா?

மாவு ஒரே குடும்பம், அதே திருநாள். செப்போலேயைப் பையில் நிரப்பி வளையமாகப் பிழிந்து, முட்டை கஸ்டர்டும் பாகில் ஊறிய செர்ரியும் வைப்பார்கள். பலேர்மோக்காரரிடம் இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள்.

முன்கூட்டியே செய்து வைக்கலாமா? மீந்தால்?

ரிக்கோட்டாவும் ஆரஞ்சுத் தோலும் முந்தின நாளே தயாராக இருக்கலாம். பொரித்ததைக் காலையில் சுட்டு மாலையில் பூசலாம், ஈரமில்லாத இடத்தில் மூடாமல் வையுங்கள். பூசியபின் ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் பஞ்சு தன் வேலையைக் காட்டி ஈரத்தையெல்லாம் குடித்துவிடும்.

ரிக்கோட்டா மட்டும் மீந்தால் ஐரிஸ் செய்யுங்கள். 1901-இல் இத்தாலிய இசையமைப்பாளர் மஸ்காஞ்ஞியின் 'ஐரிஸ்' ஓபரா பலேர்மோவில் அரங்கேறியபோது, அந்நகர இனிப்புக்கடைக்காரர் அந்தோனியோ லோ வெர்சோ இதை உண்டாக்கிப் பெயர் வைத்தார் என்பார்கள். இன்று அங்கே காலையில் காபியோடு சாப்பிடும் பலகாரம். நம் பேக்கரியில் கிடைக்கும் சின்ன இனிப்பு பன் போதும். அடியில் வட்டமாக ஒரு மூடி வெட்டி, உள்ளே இருப்பதைக் கொஞ்சம் தோண்டி எடுத்து, ரிக்கோட்டாவை அடைத்து, மூடியை வைத்து அழுத்தி, அடித்த முட்டையில் நனைத்து ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தெடுங்கள். கடித்ததும் ரிக்கோட்டா சுடும், பிள்ளைகளுக்கு இரண்டு நிமிடம் ஆறவிட்டுக் கொடுங்கள்.